சீமை உளியின் இடம்

…ஒரே ஆணியில் மரமறுக்கிற இரண்டு வாளைத் தொங்கவிட்டால் பல்லோடு பல் உரசும், உரசினால் இரண்டும் கெடும், அப்படியென்றால் இன்னோர் ஆணி அடிக்க வேண்டும், எங்கே அடிப்பது, இந்தச் சுவரில் கை வைக்க இடமேது என்று ஞானசிங் வாளைப் பிடித்தபடி நின்றார். வீட்டுக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்பு, அதுதான் அவருடைய தச்சுப் பட்டறை, அதன் மேற்குச் சுவரில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆணி, ஆணியைச் சுற்றி அந்தச் சாமானின் வடிவத்தைக் கரியால் வரைந்து வைத்திருந்தார், குறட்டுக்குக் குறட்டின் கோடு, உளிக்கு உளியின் கோடு, சாயங்காலம் ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்தக் கோடு வெறுமையாக இருக்கிறதோ அந்தச் சாமான் வீடு திரும்பவில்லை. கொட்டாரம் ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், ஞானசிங் மேஸ்திரி பெண்டாட்டியைச் சுற்றியும் கரிக்கோடு போட்டிருப்பான் என்று… சிரிக்கட்டும், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. ஆனால் இன்று கையில் இருக்கும் வாளுக்குச் சுவரில் கோடு கிடையாது. இது செத்துப்போனவனின் வாள். மைத்துனன் செல்வதாஸ், பெண்டாட்டி ராஜபாயின் ஒரே தம்பி, கீரிப்பாறைக்கு மேலே ஏதோ ரப்பர் தோட்டத்தில் கூலிக்காரர் குடிசைகளுக்குக் கதவு செய்துகொண்டிருந்தவன், மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான், அடக்கம் முடிந்து எட்டு நாள் கழித்துத்தான் சேதியே வந்தது, நேற்று உபதேசியார் ஒரு சாக்கை இறக்கி வைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார், முப்பது வயது மனுஷன் மொத்தமும் ஒரு சாக்கு. ராஜபாய் அதைத் திறக்கவில்லை. "அவன் சாமானையும் ஒங்க சாமானோட வச்சிருங்க" என்று மட்டும் சொன்னாள், அந்தக் குரலில் அவர்மேல் கோபம் இருந்ததா, இல்லையா, நாலு வருஷமாக அது அவருக்குப் பிடிபடவில்லை.

நேற்றே திறந்திருக்கலாம், விடிந்த பிறகுதான் திறந்தார், கை எதைத் தேடியது என்று கர்த்தருக்குத் தெரியும். வாளையா, இழைப்புளியையா… அரை அங்குலச் சீமை உளியை. அப்பா கோயிலுக்குப் பிரசங்கபீடம் செய்து முடித்த அன்று மிஷன் பங்களாத் துரை கையில் எடுத்துக் கொடுத்த உளி, கொல்லம் வரை போய்த் தேடினாலும் அப்படி ஓர் இரும்பு கிடைக்காது. அது இந்தச் சாக்கின் அடியில் கிடக்க வேண்டும், கிடந்தே தீர வேண்டும் என்று சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறினார், செத்தவன் மூட்டையில் களவுச் சாமான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற மனுஷன், தூ, இது என்ன பிறவி. விழுந்தது உளியை அடிக்கிற ஒரு கொட்டாப்புளி, இரண்டு நாட்டு உளி, ஒரு முழக்கோல், ஒரு சீப்பு, பாதி பீடிக்கட்டு. சீமை உளி இல்லை. இல்லாவிட்டால் என்ன, அன்றைக்கே கைமாறிப் போயிருக்கும், இத்தனை நாளா வைத்திருப்பான்… சுவரில் அதன் கோடு வெறுமையாக இருக்கிறது, கீழே அவரே கரியால் எழுதிவைத்த எழுத்து, 'களவு போனது, கொல்லம் ஆண்டு 1106 துலாம் 9'. அந்த ஆணியில் வேறு எதையும் அவர் மாட்டவில்லை. வருகிறவர்கள் பார்க்க வேண்டும், பார்த்தால் கேட்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும், அந்த வெறுங்கோடு இருந்தால்தானே அவனை விரட்டினதில் ஒரு நியாயம் இருக்கும்.

அன்றைக்கு நடந்தது நேற்று நடந்ததுபோல இருக்கிறது. அப்போது இதே பட்டறையில் அவரோடு வேலை பார்த்த செல்வதாஸிடம், சீமை உளியை எங்கேலே என்று கேட்டார். "அத நான் மாத்தியாச்சி அத்தான்" என்றான், இழைப்புளியிலிருந்து கண்ணை எடுக்காமல், கஞ்சி குடித்தாயிற்று என்பதுபோல. முந்தின நாள்தான் பழைய இரும்புக்குப் பித்தளைச் சாமான் மாற்றுகிற வியாபாரி தெருவில் கூவிக்கொண்டு போனான், அது சட்டென்று ஞாபகம் வந்தது, தலைக்குள் குப்பென்று ஏறியது. "யாருகிட்டலே மாத்தினே?" என்றார். அவன் நிமிர்ந்து பார்த்தான், சிரித்தான், சிரித்தபடியே கையை மேலே தூக்கிக் காட்டினான். களவும் செய்துவிட்டு ஆண்டவரையும் சாட்சிக்கு இழுக்கிறாயா, சத்தியமே பண்ணாதே என்றல்லவா வேதத்தில் இருக்கிறது… ஓங்கி ஓர் அறை. கள்ளப்பயலே என்றும் சொன்னார், உரக்கவே சொன்னார், வேலிக்கு மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று மற்றவனுக்குச் சொல்ல எவ்வளவு சுலபம்.  அவன் தோர்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டான், சாக்கில் தன் சாமான்களை அள்ளினான், அக்காளிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் வடக்கே பார்த்து நடந்தான். கூப்பிட்டிருக்கலாமோ, முக்கு திரும்புகிறவரை நேரம் இருந்ததே… ஏன் கூப்பிட வேண்டும், திருடினவன் அவன்.

சரி, ஆணி. வடக்கு மூலையில், முழக்கோலுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் இருக்கிறது, அங்கே அடித்து வாளை மாட்டி, கரியை எடுத்து அதைச் சுற்றிக் கோடு வரைந்தார், கோடு இரண்டு இடத்தில் கோணியது, செத்தவனுக்குக் கடைசியில் இந்தச் சுவரில் ஒரு கோடு, உயிரோடு இருந்தபோது கொடுக்க மனம் வந்ததா. அடுத்தது கொட்டாப்புளி. அதற்கு ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினபோது அடுக்களையிலிருந்து ராஜபாயின் குரல் வந்தது.

"இஞ்ச பாருங்க, மரச்சீனிக் கெழங்கு ஒங்களுக்கு மாத்தி வச்சிருக்கேன், ஆறுகதுக்கு முன்ன வாங்க."

வாறேன் என்றார். சுத்தியல் ஓங்கினபடியே நின்றது. மாத்தி வச்சிருக்கேன்… யாரிடம் மாற்றினாள், எதற்குப் பதிலாக மாற்றினாள், யாரிடமும் இல்லை, எதற்கும் இல்லை, சட்டியிலிருந்து எடுத்து அவருக்கென்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். குலசேகரத்துப் பேச்சு. அவள் பிறந்த மண்ணில் மாற்றுவது என்றால் எடுத்து ஒதுக்கி வைப்பது. எத்தனை வருஷம் ஆயிற்று அவள் வாயில் இதைக் கேட்டு, தம்பி செத்த சேதி வந்ததிலிருந்து பிறந்த வீட்டுச் சொல்லெல்லாம் அவளை அறியாமல் திரும்பி வருகிறது… ஏன் போனது அது முதலில், யார் விரட்டினது. கல்யாணமான புதிதில் மீன்துண்டை மாத்தி வச்சிருக்கேன் என்று சொன்னாள், யாருகிட்டட்டீ மாத்தினே, சீலைக்கா வளையலுக்கா என்று கேட்டு அவர்தான் விழுந்து விழுந்து சிரித்தார், கோயில் வாசலில் நாலு பேரிடம் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தார், அவள் முகம் சுண்டிப்போய் அதோடு அந்தச் சொல்லையே விட்டுவிட்டாள், அவர் பேசுகிறபடியே பேசக் கற்றுக்கொண்டாள். அப்படியென்றால் அவருக்கு அந்தச் சொல் தெரியும். அவன் சொன்ன அன்றும் தெரியும். தெரிந்துமா… இல்லை, அப்போது நினைவில் வரவில்லை, வராமல் இருந்ததா, வர விடாமல் இருந்ததா, எது, ஆண்டவரே எது. மேலே கை காட்டினானே.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார், சுவர் முடிந்து உத்திரம் தொடங்குகிற இடத்தில் ஓட்டுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினார், ஒட்டடை, எலிப்புழுக்கை, பிறகு துணி. எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன பழந்துணி. பிரிக்காமலே தெரிந்துவிட்டது, இருந்தாலும் பிரித்தார். சீமை உளி, இத்தனை உப்புக்காற்றிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. பழைய பிடி வெடித்துவிட்டது என்று அவர் ஒரு வாரமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாரே, அந்தப் பிடி இதில் இல்லை, இது புதுசு, புளியமரத்தின் வைரத்தில் கடைந்தது, பச்சை மரம் காய வேண்டும் என்று ஓட்டுச் சூட்டில் வைத்திருக்கிறான். அவருடைய வலது பெருவிரல் சின்ன வயதிலேயே ஒடிந்து கோணினது, பிடியில் அந்தக் கோணலுக்கு ஏற்ப ஒரு குழி. விரலை வைத்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது. முக்காலியிலிருந்து எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை, தரையில் சாக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, போடு என்றது மனசு, உள்ளே போட்டுவிட்டு இப்போதுதான் கிடைத்தது என்று சொல், செத்தவன் வந்து வாதாடப் போகிறானா… இப்படியும் ஒரு நினைப்பு வருமா மனுஷனுக்கு, வந்ததே.

மரவள்ளிக் கிழங்குத் தட்டோடு ராஜபாய் வாசலில் வந்து நின்றாள். கண் நேராக அவர் கைக்குப் போனது.

"சாக்குலயா கெடந்துது?" என்றாள்.

அந்தக் குரலில் ஆச்சரியமே இல்லை. அதுதான் அவரைக் குத்தியது. நாலு வருஷமாக இவள் மனசுக்குள் தன்னைச் சபித்துக்கொண்டிருக்கிறாள் என்று பயந்து பயந்து சாப்பிட்டாரே, இவள் சபிக்கவே இல்லை, நம்பியிருக்கிறாள். கூடப்பிறந்தவனைக் கள்ளன் என்று நம்பி, வெட்கப்பட்டு, ஒரு கடுதாசிகூடப் போடாமல் அவனை மலையில் சாகவிட்டிருக்கிறாள், அவர் சொன்னார் என்பதற்காக. சொல்லிவிட வேண்டும், இப்போதே. எங்கே தொடங்குவது, அவன் சொன்ன சொல்லிலேயே தொடங்கினார்.

"அவன்… மாத்தினதுதான் ராஜபாய்."

அவள் தலையை ஆட்டினாள். "அப்பமே சொன்னியளே" என்றாள் மெதுவாக, தட்டை மேசையில் வைத்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அவர் வாயிலிருந்து வந்தால் அந்தச் சொல்லுக்கு அவர் ஊர் அர்த்தம்தான், கொடுத்து மாற்றினது என்று, அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே. ஓட்டுக்கு அடியில் இருந்தது என்று இன்னொரு பேச்சு பேசினால் போதும், அவள் முற்றத்தைக்கூடத் தாண்டவில்லை, கூப்பிட்டால் கேட்கும்… கையில் உளி, எதிரே வெறுங்கோடு, கோட்டுக்குக் கீழே அவர் எழுத்து. முதலில் எதை அழிப்பது. அந்தச் சொல்லை எடுத்தபோது அது அவள் காதில் எப்படி விழும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்தது?