லாக் புக்கில் ஒரு வரி

‘குடித்துவிட்டு வந்ததால் தொழிலாளி சாம் ஏணியிலிருந்து விழுந்தார்.’ பண்ணையின் அன்றாடப் பதிவேடான லாக் புக்கில் செங்கல்வராயன் எழுதியிருந்தது அந்த ஒரு வரிதான். அதைப் படித்த அன்றே, செங்கல்வராயனைச் சும்மா விடுவதில்லை என்று ஜெசிந்தா முடிவு கட்டிவிட்டாள்.

சாம் அவள் தம்பி. சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் இருவருக்கும் வேலை. 1998 மாசியில் துருப்பிடித்த ஏணிப்படி உடைந்து அவனுக்கு இடுப்பெலும்பு போயிற்று. சாராய வாடையே ஆகாதவன் அவன். வேலை போனதோடு விட்டதா? ஞாயிறுதோறும் சர்ச்சில் கூடப் பாடுகிறவர்களே இப்போது அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் செங்கல்வராயன் வேலைக்குச் சேர்கிற எல்லோரிடமும் ஒன்று சொல்வார். கதை எழுதலாம், கடுதாசி எழுதலாம், லாக் புக்கில் பதியத்தான் வேண்டும். பதிவது என்றால், பார்த்தவர், பார்த்ததை, பார்த்த நேரத்திலேயே எழுதி வைப்பது. இத்தனை பேசிய பெரிய மனுஷர், சாம் விழுந்தபோது பண்ணையிலேயே இல்லை.

ஜெசிந்தா சண்டை போடவில்லை. வாயை மூடிக்கொண்டு எட்டு மாதம் காத்திருந்தாள். தலைமை ஆபீசிலிருந்து சங்கரி என்ற அதிகாரி ஆய்வுக்கு வந்த அன்று, லாக் புக்கையும் கேட் ரிஜிஸ்டரையும் அவர் முன் விரித்து வைத்தாள். சாம் விழுந்தது பதினொன்றே காலுக்கு. செங்கல்வராயன் பத்து மணிக்குச் செங்கல்பட்டு போய் இரண்டரைக்குத் திரும்பியதாக அவர் கையெழுத்தே சொன்னது. பார்க்காததை எப்படிப் பதிந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஜெசிந்தாவுக்கு வயிறு குளிர்ந்தது.

சாமை வரவழைத்தார்கள். அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டுப் புதிதாக எழுதித் தருவதாகச் செங்கல்வராயன் கெஞ்சினார். சாமுக்கும் அதுதான் வேண்டும். அந்த வார்த்தை எங்குமே இருக்கக் கூடாது அவனுக்கு. புத்தகம் ஜெசிந்தா பொறுப்பில் இருந்ததால் அதிகாரி அவளைப் பார்த்தார்.

“கிழிக்கக் கூடாது மேடம். தப்பா எழுதனா ஒத்தக் கோடு போட்டு, எழுதனவரே பக்கத்துல கையெழுத்துப் போடணும். அதான் வழக்கம்.”

“அக்கா, கோடு போட்டாலும் குடிகாரன்னு படிக்கிற மாரிதான கீது,” என்றான் சாம்.

“படிக்கட்டும். யாரு எழுதனதுனு சேத்துப் படிக்கட்டும்.”

பேனாவை அவளே நீட்டினாள். செங்கல்வராயன் கோடிழுத்து, ‘நான் எழுதியது பொய்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். சாம் கம்பை ஊன்றி எழுந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனான். ஜெசிந்தா அவனைக் கூப்பிடவில்லை. அந்தக் கையெழுத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.