கிழக்கு மேட்டின் இருபத்திரண்டாம் படி

லோர்பெக் நகர மைதானம் திறக்கப்பட்ட 1950 செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமையன்று முப்பதாயிரம் பேர் மழையில் தொப்பலாக நனைந்தார்கள். கிழக்கு மேட்டின் இருபத்திரண்டாம் படியில் தோளோடு தோள் நின்ற பன்னிரண்டு பேர் மேல் மட்டும் ஒரு துளி விழவில்லை. அவர்கள் தலைக்கு மேல் கூரை கிடையாது, மரம் கிடையாது, குடையும் கிடையாது. மேயர் பேசினார், பித்தளை வாத்தியக்காரர்கள் ஊதினார்கள், நம் சுரங்கத் தொழிலாளர் அணி பக்கத்து ஊரிடம் இரண்டுக்கு மூன்று என்று தோற்றது. மறுநாள் பத்திரிகை விழாவுக்கு இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கியது. நனையாத பன்னிரண்டு பேருக்கு வானிலைப் பத்தியில் ஒரு வரி கிடைத்தது.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி ஆல்வினே ப்ரோக்ஹோஃப். வயது இருபத்தைந்து, வேலை ட்ராம் வண்டியில் கண்டக்டர். ஏன் நனையவில்லை என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. காலடியில், சிமெண்டுப் பூச்சுக்கு நடுவே, பச்சை ஓடு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு விரிசல், விரிசலுக்குக் கீழே கரிக்கறை. மணிச் சந்து பதினான்காம் எண் வீட்டில், சமையலறை அடுப்பின் இடது ஓரத்தில் பதித்திருந்த ஓடு அது. இரும்பு வாணலியைக் கைதவறிப் போட்டு அந்த விரிசலை உண்டாக்கியவள் ஆல்வினேயின் தங்கை தெக்லா. ஆல்வினே நனையாத இடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் காலால் அளந்து பார்த்தாள். மணிச் சந்தில் அவளும் தெக்லாவும் இருந்த வீட்டின் அகலம் சரியாக அவ்வளவுதான்.

மைதானம் எதன் மேல் நிற்கிறது என்பது ஊரறிந்த விஷயம். போரின் கடைசி மார்ச் மாதத்தில் விழுந்த குண்டுகளில் நடு ஊர் மொத்தமும் கல்லும் மண்ணுமாய்ச் சரிந்தது. ஆண்கள் பாதிப் பேர் செத்திருந்தார்கள், மீதிப் பாதி கைதி முகாம்களில் இருந்தார்கள். அள்ளியது பெண்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றினார்கள். ஒவ்வொரு செங்கல்லிலும் ஒட்டியிருந்த காரையைச் சுத்தியலால் தட்டி உதிர்த்தார்கள். முழுக் கல்லை ஒரு பக்கம் அடுக்கி, உடைந்ததைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டுபோய் ஊர்க் கோடிப் பள்ளத்தில் கொட்டினார்கள். நான்கு வருடம் கொட்டியதில் பள்ளம் மேடானது, மேட்டை வெட்டிப் படியாக்கினார்கள், நடுவில் புல் விதைத்தார்கள், மைதானம் ஆயிற்று. திறப்பு விழாவன்று வாசலில் வெண்கலப் பலகை வைத்தார்கள். அதில் பன்னிரண்டு பெயர்கள், பன்னிரண்டும் ஆண்கள். ஒரு கல்லையாவது தொட்ட கை அதில் ஒன்று உண்டா? பெண்களுக்கு அன்று ஆளுக்கு ஒரு கிண்ணம் பட்டாணி சூப் கொடுத்தார்கள், அதுவும் மழையில் நீர்த்துப்போயிருந்தது.

பலகையில் எட்டாவது பெயர் ஃபெர்லிங். 1946இல் இடிபாடு அகற்றும் அலுவலகத்தில் அவர் எழுத்தர். ஒரு வீட்டின் இடிபாட்டை அள்ளுவதற்கு முன் நிலவறையைத் திறந்து, இறங்கிப் பார்த்து, உள்ளே யாராவது கிடக்கிறார்களா என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. குண்டு விழுந்த இரவில் தெக்லா நிலவறையில் இருந்தாள். ஃபெர்லிங் மணிச் சந்துக்கு சைக்கிளில் வந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, இறங்காமலே, பதினான்காம் எண்ணுக்கு நேரே ‘நிலவறை காலி’ என்று எழுதிவிட்டுப் போனார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சந்தின் மறுகோடியில் சுத்தியலும் கையுமாய் உட்கார்ந்திருந்த ஆல்வினேக்கு விஷயம் தெரிவதற்குள் வீடு வண்டியேறிப் போய்விட்டது.

விழா முடிந்த மறுநாளே அவள் புதிதாகத் திறந்த விளையாட்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரும் அதே ஃபெர்லிங்தான்.

“அந்தப் படியில எங்க வீட்டு நம்பரும் தெக்லா பேரும் எழுதி ஒரு பலகை வைங்க. வேற ஒண்ணும் கேக்கல” என்றாள்.

“காகிதத்துல காலின்னு இருக்கேம்மா.”

“எழுதினது நீங்கதானே? எறங்கிப் பாத்தீங்களா?”

“ஆட்சேபம் இருந்தா நாலு வாரத்துக்குள்ள எழுதிக் குடுத்திருக்கணும். அது நாப்பத்தாறு மே மாசத்தோட முடிஞ்சுபோச்சு. இனி அந்தக் காகிதம் சொல்றதுதான் உண்மை. நானே நெனச்சாலும் மாத்த முடியாது.”

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! பொய்யை எழுதியவன், அதைத் தன்னாலேயே அழிக்க முடியாது என்று முகம் கோணாமல் சொல்கிறான். ஆல்வினே ஆண்டுதோறும் மார்ச்சில் ஒரு மனு எழுதினாள். ஆண்டுதோறும் ஏப்ரலில் அதே நான்கு வாரப் பதில் வந்தது.

மைதானம் அதுபாட்டுக்கு நடந்தது. அங்கே நடக்காதது என்று ஒன்றில்லை. சனி ஞாயிறில் கால்பந்து, கரித்தூள் பாதையில் ஓட்டப்பந்தயம், குளிர்காலத்தில் தண்ணீர் விட்டு உறையவைத்துப் பனிச்சறுக்கு, ஒரு கோடையில் குத்துச்சண்டை, இன்னொரு கோடையில் மோட்டார் சைக்கிள் பந்தயம், நடுவே ஒரு பாதிரியார் மாநாடு, யானையோடு ஒரு சர்க்கஸ். யானைகூட இருபத்திரண்டாம் படிக்கு நேரே வந்ததும் நின்று தும்பிக்கையைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. மழை நாட்களில் அந்தப் படிக்கு அடிதடி நடந்தது. 1958இல் ஃபெர்லிங் அதற்கு ஒரு முடிவு கட்டினார். விதிப்புத்தகத்தைப் புரட்டி, ‘மழை விழாத இடம் கூரையுள்ள இடம்’ என்று ஒரு வரியைக் கண்டுபிடித்தார். கூரையுள்ள இடத்துக்கு முதல் வகுப்பு டிக்கெட். படியின் இரு கோடியிலும் கயிறு கட்டி, ஒரு காவலாளியையும் நிறுத்தினார்.

அன்று ஆல்வினே போட்ட சத்தம் எதிர்ப்பக்க மேடு வரைக்கும் கேட்டது. “என் வீட்டுக்குள்ள போக எனக்கே டிக்கெட்டா? நாள் முழுக்க ஊர்க்காரங்ககிட்ட டிக்கெட் கேக்கறவய்யா நான்! எதுக்குக் கேக்கலாம், எதுக்குக் கேக்கக் கூடாதுன்னு எனக்கா தெரியாது? செத்தாலும் வாங்க மாட்டேன்!” காவலாளி தலையைக் குனிந்துகொண்டான், கயிற்றை அவிழ்க்கவில்லை. அவள் ஒரு படி கீழே இறங்கி, இருபத்தொன்றாம் படியில், பச்சை ஓட்டுக்கு நேர் கீழே நின்றாள். அன்றிலிருந்து நாற்பத்தைந்து வருடம், எந்த ஆட்டமானாலும், எந்த மழையானாலும், குடை இல்லாமல் அங்கேதான் நின்றாள். இரண்டு முறை நெஞ்சுச்சளி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். திரும்பி வந்ததும் அதே படி.

அறுபத்து மூன்றின் கடுங்குளிரில் அந்தப் படியிலிருந்து மெல்லிய புகை எழ ஆரம்பித்தது. கூடவே பன்றிக்கொழுப்பில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வதங்கும் வாசனை. ஆட்ட நாளில் மட்டும்தான். தெக்லாவுக்கு எப்போதும் ஆள் கூடினால்தான் சமைக்கக் கை வரும். முதல் வகுப்புக்காரர்கள் வீட்டிலிருந்து வெறும் ரொட்டியை எடுத்துவந்து அந்த வாசனையோடு சாப்பிட்டார்கள். தன் வீட்டுச் சமையலை ஊரே சாப்பிட, ஆல்வினே வாசலுக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தாள்.

எழுபத்தொன்றில் எவால்ட் ட்ரீஸ்மான் என்ற இளைஞன் அந்தப் படிக்கு வருடச் சீட்டு வாங்கினான். புதிதாக வேலைக்கு வந்த புகைபோக்கி துடைப்பவன். எங்கள் நாட்டில் புகைபோக்கி துடைப்பவன் பாதி அதிகாரி. எங்கே புகை வந்தாலும் அந்த வீட்டுக்குள் போய் அடுப்பைச் சோதித்துத் தன் புத்தகத்தில் எழுதியே ஆக வேண்டும், யாரும் அவனுக்குக் கதவைச் சாத்த முடியாது. எவால்ட் நல்லவன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

“அக்கா, ஏன் இப்படி நனைஞ்ச கோழியா நிக்கற? மேல வா, நான் நகந்துக்கறேன்.”

“என் வீட்டுக்கு என்னக் கூப்பிட நீ யார்றா?”

“கோவிச்சுக்காத அக்கா. பாவமா இருக்கேன்னு சொன்னேன்.”

“பாவம் பாக்கறவன் மொதல்ல அந்தப் பொகையப் பாரு. கண்ணுல படல?”

“படுது. ஆனா இன்னைக்கு லீவாச்சே.”

“லீவு நாள்ல கண்ணு அவிஞ்சா போகும்?”

“அவியாது. எழுதக் கூடாது, அவ்வளவுதான்.”

இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. வேலை நாளில் அவன் அந்தப் பக்கம் போனால் புகை இல்லை; புகை வரும் நாளில் அவனுக்கு வேலை இல்லை. இப்படியே முப்பத்திரண்டு வருடம் அந்த அடுப்பின் மேலேயே நின்று ஆட்டம் பார்த்தான். அவன் தலை நரைத்தது. ஃபெர்லிங் பதக்கம் வாங்கி ஓய்வு பெற்று, பூச்செடிக்குத் தண்ணீர் விட்டு, படுக்கையில் நிம்மதியாகச் செத்தார். அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, பிறகு மூன்றாம் பிரிவுக்கு. மின்விளக்குக் கம்பங்கள் துருப்பிடித்தன.

2003இல் நெடுஞ்சாலை ஓரத்தில் முழுக்கக் கூரை போட்ட புதிய மைதானம் கட்டி, அதற்கு ஒரு கம்பெனியின் பெயரை வைத்து, அணியை அங்கே கொண்டுபோனார்கள். பழையதை இடித்து, மேட்டைத் தோண்டி அப்புறப்படுத்தி, வணிக வளாகம் கட்டுவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். அகற்றப்படுவது வெறும் மண், உள்ளே ஒன்றுமில்லை என்று அறிவிப்பில் எழுதியிருந்தது. ஆதாரம், 1946இன் காகிதங்கள். எழுபத்தெட்டு வயது ஆல்வினே அதைப் படித்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஒருதரம் அள்ளிக் கொட்டினது போதாதா பாவிங்களா? ரெண்டாந்தரமுமா?” என்று போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள்.

இடிக்கும் இயந்திரங்கள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆட்டம் இல்லை, கூட்டம் இல்லை. வேலியோரம் ஆல்வினே மட்டும் நின்றாள். ஒன்பதரை மணிக்கு இருபத்திரண்டாம் படியிலிருந்து புகை எழுந்தது. வழக்கமான மெல்லிய புகை இல்லை, நன்றாக விறகு போட்டு மூட்டியதுபோல் கருத்து, திரண்டு, நேராக மேலேறியது. இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரியின் புகைபோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த எவால்ட் கூரை மேலிருந்து அதைப் பார்த்தான். கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, தோளில் கம்பிச் சுருள். அன்று அவன் வேலையில் இருந்தான். சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, இயந்திரக்காரர்களை விலக்கிவிட்டு மேடேறி, பச்சை ஓட்டுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுத் தடவினான். அடுப்புக் கதவின் பிடி கையில் தட்டுப்பட்டது. திறந்தான். தணல் நன்றாக இருந்தது, கரி நிறையச் சேர்ந்திருந்தது. ஒரு வாளிக் கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, குடியிருப்பவர் பெயர் என்னவென்று விதிப்படி உள்ளே பார்த்துக் கேட்டான். பதில் வந்ததும் எழுதினான்: மணிச் சந்து 14, தற்போது கிழக்கு மேடு, படி 22. அடுப்பு ஒன்று, நல்ல நிலை. குடியிருப்பவர்: தெக்லா ப்ரோக்ஹோஃப்.

முத்திரை குத்திய நகல் அன்றே விளையாட்டு அலுவலகத்துக்குப் போனது. ஆள் குடியிருக்கும் வீட்டை இடிக்க முடியாதென்பதால் இயந்திரங்கள் நின்றன. அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காகிதத்தைக் காபி அறைச் சுவரில் குத்திவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். ஆல்வினே தன் வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள். இருபத்தொன்பதாம் நாள் தன் பழைய கண்டக்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். ஃபெர்லிங்கின் நாற்காலியில் முப்பது வயது அதிகாரி ஒருவர் இருந்தார்.

“அது ஏதோ வெளையாட்டுக் காகிதம்மா” என்றார் அவர்.

“முத்திரை இருக்கா?”

“இருக்கு.”

“ஆட்சேபம் எழுதிக் குடுத்தீங்களா?”

“இல்ல, அதுக்கு என்ன இப்போ...”

“எத்தன நாள் ஆச்சுன்னு பாருங்க.”

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். தேதிகளை விரல் வைத்து எண்ணினார்.

“நாலு வாரம் முடிஞ்சுபோச்சு தம்பி. இனி அந்தக் காகிதம் சொல்றதுதான் உண்மை. நீங்களே நெனச்சாலும் மாத்த முடியாது” என்றாள் ஆல்வினே. ஐம்பத்து மூன்று வருடமாக மனப்பாடமாக இருந்த வாசகம், ‘நானே’ என்பது ‘நீங்களே’ ஆனதைத் தவிர ஓர் எழுத்துப் பிசகவில்லை.

தெக்லாவுக்குக் காலி செய்யச் சொல்லி மூன்று கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். அவள் எதற்கும் பதில் போடவில்லை. பதில் போடாதவளை வெளியேற்ற விதிப்புத்தகத்தில் வழி இல்லை. கடைசியில் வணிக வளாகத்தை மூன்று பக்கமாகக் கட்டி, நான்காம் பக்கத்தில் மேட்டை அப்படியே விட்டார்கள். வெண்கலப் பலகை வாசலோடு சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. ‘நிலவறை காலி’ என்ற காகிதத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை; அதுவும் எவால்டின் காகிதமும் ஒரே அலமாரியில், இரண்டும் செல்லுபடியாகும் உண்மைகளாக இருக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நவம்பரில் ஒரு மழை நாளில் எவால்ட் படியில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, 14 என்று எண் பலகையும், கீழே தெக்லாவின் பெயர் எழுதிய அழைப்பு மணியும் பொருத்தினான். கயிறும் காவலாளியும் இல்லை. ஆல்வினே இருபத்தொன்றாம் படிக்கு வந்தாள். செருப்பைச் சிமெண்டில் நன்றாகத் தேய்த்தாள், மணியை அடித்தாள், ஒரு படி ஏறினாள். மழை அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுபோனது. “ஏண்டி, வெங்காயத்த மறுபடியும் கருக விட்டுட்டியா?” என்று அவள் திட்டுவது கீழே நின்ற எவால்டுக்குக் கேட்டது.

இப்போது தேர்தல் வந்தால் தெக்லாவுக்கும் வாக்காளர் அட்டை வருகிறது, தபால்காரர் மேடேறிப் போட்டுவிட்டு வருகிறார். மழை பிடித்துக்கொண்டால் வளாகத்துக்கு வந்தவர்கள் சாமான் பைகளோடு அந்தப் படிக்கு ஓடுகிறார்கள். மணி அடித்துவிட்டுத்தான் ஒதுங்குகிறார்கள். டிக்கெட் கிடையாது.