வட்டத்தில் சொன்ன குறை

பூசணிக்காய்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் காலை வேலை தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும் என்பது புது மேலாளர் டெரிக் கொண்டுவந்த முறை. பக்கத்தில் நிற்பவரிடம் நேற்றுக் கண்ட குறையை எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். ஒளிவுமறைவு இல்லாவிட்டால் வேலை சிறக்கும் என்று ஆக்லாந்தில் படித்துவிட்டு வந்திருந்தார்.

காய் பிரிக்கும் லவீனியாவையும், மேற்பார்வையாளனான அவள் தம்பி ஃபிலிமோனேயையும் ஒரே குழுவில் போட்டார். அக்காள் தம்பிதானே, கூச்சமின்றிப் பேசுவார்கள் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான்.

லவீனியா பெரியவளான நாள் முதல் ஃபிலிமோனே அவளோடு ஒரு கூரையின் கீழ் படுத்ததில்லை; அவள் இருக்குமிடத்தில் உரக்கச் சிரித்ததுமில்லை. டோங்காவில் உடன்பிறந்தவளுக்கு ஆண்மகன் தரும் மரியாதை அது. லவீனியா நிமிர்ந்து நடந்தது அதை வைத்துத்தான்.

இரண்டு நாள் அவன் தரையைப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்றான். குறை சொல்லத் தெரியாதவன் மேற்பார்வையாளனாக இருக்க முடியாது என்று டெரிக் சிரித்தபடியே சொன்னார். ஃபிலிமோனேயின் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. மூன்றாம் நாள் அக்காவைப் பார்க்காமலே வாயைத் திறந்தான்.

"அவங்களுக்குக் கண்ணு சரியா தெரியல. அடிபட்ட காயெல்லாம் பெட்டிக்குள்ள போவுது."

உண்மைதான். டெரிக் மட்டும் கைதட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் உடன் வேலை செய்யும் மெலே கிழங்கை உரித்துக்கொண்டே, "அந்த ஆளுகிட்ட நம்ம வழக்கத்த நான் போய்ச் சொல்லவா? எனக்குத்தான் வெக்கம் மானம் கிடையாதுன்னு ஊருக்கே தெரியுமே" என்றாள்.

"சொன்னா, எந்தம்பி செஞ்சது தப்புன்னு ஆயிடும். பேசாம சாப்பிடுடி."

அன்றே லவீனியா வேலையை விடுவதாக டெரிக்கிடம் சொன்னாள். சம்பளம் போதவில்லையா, நேரம் ஒத்துவரவில்லையா என்று டெரிக் உண்மையான அக்கறையோடு கேட்டார். முழங்கால் வலி என்றாள். அவர் உடனே ஃபிலிமோனேயைக் கூப்பிட்டு, மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவரச் செய்தார்.

"உன் அக்காதானே, நீயே சொல்லு. போக வேணாம்னு சொல்லு."

ஃபிலிமோனே நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றான். லவீனியா காத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பாள்.

பிறகு அவள் வாசலை நோக்கி நடந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான். எப்போதும் மரியாதைக்கு விடுவதுபோலத்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.