கா லாவ்ஷி நடத்திய பாடம்

சீனாவில் ஒரு பருவம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன் என்று சொன்னால் சித்தூரில் நாய்கூட நம்பாது. நாயைக் குற்றம் சொல்ல முடியாது. முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் சோஷியல் நடத்தியவன் நான், அதுவும் தெலுங்கில். போயிருக்க வேண்டியவன் என் மச்சான் கமலக்கண்ணன், என் மனைவி ஸ்வர்ணலதாவின் தம்பி. அசல் இங்கிலீஷ் வாத்தியார் அவன்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இலக்கணத்தோடு குடித்தனம். யாராவது கல்யாணப் பத்திரிகை வைத்தால் அதிலுள்ள இங்கிலீஷைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, திருப்பிக் கொடுத்துவிடுவான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஒரு பருவம் வந்து பேச்சு இங்கிலீஷ் சொல்லித்தரலாம், சம்பளம் கிடையாது, சோறும் படுக்கையும் உண்டு என்று யுன்னான் மாகாணத்து மலையூர்ப் பள்ளி ஒன்று இணையத்தில் அறிவித்திருந்தது. இரண்டு பேரும் மனுப் போட்டோம். அவனை உடனே வரச் சொன்னார்கள். என்னை, யாராவது வராமல் போனால் பார்க்கலாம் என்றார்கள். அவன் அந்தப் பள்ளியின் காலண்டரையே மனப்பாடம் செய்துவிட்டான். பிறகு விசாவுக்காக ரத்தம் கொடுத்தபோதுதான் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. என்னைப் போகச் சொன்னான். வந்து ஒன்று விடாமல் சொல்லவேண்டும் என்றும் சொன்னான்.

பிப்ரவரியில் போய் ஜூனில் திரும்பினேன். அதற்குள் அவனுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. சித்தூரில் இடம் கிடைக்காமல் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில், செவ்வாயும் வெள்ளியும். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், ஊசியோடு நாற்காலியில் நாலு மணி நேரம், மறுபடி பஸ். நான் வந்து இறங்கிய வாரமே அவன் இனிமேல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நாலைந்து தடவை தவறினால் ஆள் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்வர்ணலதா அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"நீங்க வாயத் தொறந்தா பஸ் ஸ்டாண்டே குந்திக்கினு கேக்குது. சீனாவச் சொல்லியாவது அவன இட்டுக்கினு போங்க" என்றாள்.

அது போதாதா எனக்கு? நாலு மாதச் சீனாவை நாற்பது வருஷத்துக்கு நீட்டத் தயாரானேன். ஜன்னல் ஓரத்தில் அவனை உட்காரவைத்து, பஸ் சந்திரகிரி தாண்டும்போது சரியாகக் கதையின் பாதியில் நிறுத்துவேன். மீதி வெள்ளிக்கிழமைதான். பிறந்தநாளுக்கு நறுக்காமல் துன்ன வேண்டிய நூடுல்ஸ் ஒன்று அங்கே உண்டு. ஒரு முனையைச் சித்தூரில் கடித்தால் மறுமுனை வேலூரில் ஆடும் என்றேன். நாக்கை மரத்துப்போகச் செய்யும் மிளகு ஒன்று உண்டு. என் நாக்கு மூன்று நாள் காணாமல் போய், போலீசில் புகார் சொல்லப் போனேன், சொல்ல நாக்கு இல்லை என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் மேசைமேல் தலைவைத்துத் தூங்குவது அங்கே வழக்கம். அது நிஜம். அந்த நேரத்தில் ஊரில் காக்காயும் பஸ்ஸும்கூடத் தூங்கும் என்பது மட்டும் என் கைச்சரக்கு.

வாத்தியாரை அங்கே லாவ்ஷி என்பார்கள். வரதராஜன் என்ற என் பெயரை நாற்பத்து மூன்று பிள்ளைகளும் மென்று பார்த்து, துப்பிவிட்டு, முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நான் 'வா லாவ்ஷி' ஆனேன். இதைக் கேட்டு நர்ஸ் ரேகாவே ஊசி போடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கமலக்கண்ணன் சிரிக்கமாட்டான். என் கதையில் வரும் இங்கிலீஷைத் திருத்துவான். திருத்துவதற்காகவே வந்துகொண்டிருந்தான். எட்டு மாதம் ஒரு செவ்வாய் தவறவில்லை, ஒரு வெள்ளி தவறவில்லை.

சரக்கு தீர்ந்தது. நடந்தது எல்லாம் தீபாவளிக்கு முன்பே முடிந்துவிட்டது. அதன் பிறகு எல்லாமே இட்டுக்கட்டியதுதான். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, நிலாப் பண்டிகைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் வண்டிச் சக்கரம் பெரிசுக்குப் பலகாரம் செய்து என்னை அதன்மேல் உட்காரவைத்து ஊர்வலம் விட்ட கதையை எடுத்துவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்.

"மாமா, நீங்க போனது பிப்ரவரி. வந்தது ஜூன். அந்தப் பண்டிக செப்டம்பர்ல வருது."

எனக்கு மறுபடியும் நாக்கு காணாமல் போனது.

"எத்தினி நாளா இப்படி?"

"தீபாவளிலேர்ந்து."

"நெனச்சேன்" என்றான். "தீபாவளிலேர்ந்து உங்க கதையில யாருமே தப்பு பண்றதில்ல மாமா. நெசத்துல தப்பு இருக்கும். எனக்குப் போதும். செவ்வாக்கெழம நான் வரல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னான். இடது கையில் குழாய் வழியாக அவன் ரத்தம் இயந்திரத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தது. சொல்லாமல் வைத்திருந்த நிஜம் ஒன்றே ஒன்று என்னிடம் இருந்தது. வெட்கத்தினால் ஸ்வர்ணலதாவிடம்கூடச் சொல்லவில்லை. வேறு எதுவும் கையில் இல்லாததால் அதைச் சொன்னேன்.

கடைசி நாள் வகுப்பில் விடைபெறும் பாடம் நடத்தினேன். நம் வீடுகளில் 'போறேன்' என்று சொல்லிவிட்டு யாராவது படி இறங்குவார்களா? அதனால் போர்டில் பெரிசாக எழுதினேன்: 'ஐ வில் கோ அண்ட் கம்.' அது இங்கிலீஷ் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். நாற்பத்து மூன்று பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அங்கே விருந்தாளியை வாசலோடு அனுப்புவது மரியாதை இல்லை. பிள்ளைகள் பள்ளி கேட் வரை வந்து, தெருமுனை வரை வந்து, பஸ் நிற்கும் இடம் வரை வந்துவிட்டார்கள். "மெதுவாகப் போங்கள்" என்று அவர்கள் மொழியில் சொன்னார்கள். ஒவ்வொருவர் கையையும் பிடித்து நான் சொன்னேன்: ஐ வில் கோ அண்ட் கம்.

நான் சொன்னது கும்பிடு. அவர்கள் கேட்டது வாக்கு.

செப்டம்பரில் அந்தப் பள்ளியின் லின் டீச்சர் மின்னஞ்சல் போட்டிருந்தாள். பள்ளி திறந்துவிட்டது, வா லாவ்ஷி எப்போது வருகிறார் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், என் வெந்நீர் பிளாஸ்க்கைத் தினமும் கழுவி நிரப்பி மேசைமேல் வைக்கிறார்கள் என்று. அக்டோபரில் இன்னொன்று. பிறகு வரவில்லை.

கமலக்கண்ணன் கண்ணைத் திறந்திருந்தான்.

"பதில் போட்டீங்களா?"

"இன்னான்னு போடறது மச்சான்?"

"போர்டுல தப்ப எழுதிட்டு அழிக்காம வந்துட்டீங்களே மாமா" என்றான். முப்பது வருஷத்தில் என்னை அவன் அதைவிடக் கடுமையாகத் திட்டியதில்லை. ஊசி இல்லாத கையை நீட்டினான். "போனக் குடுங்க."

அந்த நாற்காலியிலிருந்தே பேசிப் பதிவு செய்தான். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் சலவை செய்தது போல. வரதராஜன் சார் ஒரு பிழை செய்துவிட்டார், அவர் ஊரில் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அதற்கு விடைபெறுகிறேன் என்று மட்டுமே அர்த்தம், அவரை மன்னித்துவிட்டு நோட்டில் இப்படித் திருத்திக்கொள்ளுங்கள் என்று. லின் டீச்சருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் நாற்பத்து மூன்று குரலும் சேர்ந்து பதில் வந்தது. அடுத்த பாடம் எப்போது என்று கேட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான்.

மார்ச் மாதம் தொடங்கி அவன் தன் பருவத்தை நடத்தினான். செவ்வாய் பாடம், வெள்ளி வீட்டுப்பாடத் திருத்தம். பிள்ளைகள் அவனை 'கா லாவ்ஷி' என்றார்கள். ரேகாவுக்கும் வார்டுக்கும் இறந்தகால வினைச்சொற்கள் மனப்பாடம் ஆயின. பதிவில் கேட்கும் கர்ர் சத்தம் என்ன என்று ஒரு பெண் கேட்டாளாம். ரயிலில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறேன் என்று சொல்லி அனுப்பினான். கமலக்கண்ணன் சொல்லி நான் கேட்ட ஒரே பொய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான் பாருங்கள், எனக்குப் பொறாமை தாங்கவில்லை. இத்தனை வருஷம் உழைத்தும் அவ்வளவு அழகாக ஒன்று எனக்கு வாய்த்ததில்லை.

பதினாலு பாடம் நடந்தது. பதினைந்தாவதற்கு ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை அவனைக் கூப்பிடப் போனேன். குளித்து, சட்டை போட்டு, செருப்பு மாட்டக் குனிந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்திருந்தான். இதயம் என்றார் டாக்டர். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வருவதுதான் என்றார். அவன் சொந்த ஊரான நகரிக்குக் கொண்டுபோய், அவன் நைனாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம்.

காரியம் முடிந்த மறுநாள் மின்னஞ்சலைத் திறந்தேன். வீட்டுப்பாடம் வந்து காத்திருந்தது. சொல்லாமல் இழுத்துவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். உடம்பு சரியில்லை, வெளியூர், பரீட்சை வேலை, எனக்கா காரணம் கிடைக்காது? ஸ்வர்ணலதா காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அவன் பசங்களுக்கு உங்க புளுகெல்லாம் வேணாங்க. இருக்கறத எழுதுங்க" என்றாள்.

ஒரே வரி எழுதினேன். 'கமலக்கண்ணன் சார் எக்ஸ்பயர்ட் ஆன் ட்யூஸ்டே.' கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம் ஊர் ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் எல்லோரும் எழுதுகிற மாதிரிதான்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. என் வரியை ஒரு பிள்ளை தாளில் அப்படியே எழுதி, படம் எடுத்து அனுப்பியிருந்தது. 'எக்ஸ்பயர்ட்' என்ற சொல்லை மட்டும் ஒரு கோட்டால் அடித்து, மேலே சின்ன எழுத்தில் 'டைடு' என்று போட்டிருந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் விளக்கமும் இருந்தது: பாலுக்கும் மருந்துக்கும்தான் அந்தச் சொல் வரும், மனிதருக்கு இதுதான் வரும், கா லாவ்ஷி இருந்தால் இப்படித்தான் திருத்துவார். கீழே நாற்பத்து மூன்று கையெழுத்து.

திருத்தம் சரிதான். சரி என்று பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.