ஒன்பது மணி மாத்திரை

வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவர வேண்டும், கேட்டை முழுசாகத் திறந்துவிடுங்கள் என்று டிரைவர் சொன்னார். மருந்துக்கடைக்காரன் போய் உள்தாழ்ப்பாளை இழுத்தான். இறுகிக் கிடந்தது. அப்பா இதை ஒரு கையால் தள்ளிவிடுவார். அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. காலையிலும் ராத்திரியிலும் அதைத் திறப்பது அப்பாதான்.

கேட்டின் பூட்டு போன வருடமே கெட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுகிறேன் என்று அவன் சொல்லிச் சொல்லி ஐம்பது ஞாயிற்றுக்கிழமைகளாவது போயிருக்கும். பொறுத்துப் பார்த்த அப்பா, தானே ஒரு தாழ்ப்பாளை வாங்கி உள்பக்கம் முடுக்கிவிட்டார். அதிலிருந்து, கடையை மூடிவிட்டுப் பத்தரைக்கு அவன் வந்து மணியடிப்பதும் அவர் வந்து திறப்பதும் வழக்கமாகிவிட்டது.

நாளிதழ் அச்சகத்தில் முப்பது வருடம் இரவு ஷிப்டு பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு தூக்கம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். தினம் ஒன்று, இரண்டு வாரத்துக்கு மட்டும், படுக்கப் போகும்போது.

இந்த மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் அவன் ஒரே மூச்சில் ஒப்பிப்பான். ஒன்றுக்கு மேல் வேண்டாம், குடித்துவிட்டுப் போடாதீர்கள், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், போட்டதும் படுத்துவிடுங்கள், எழுந்து நடமாடக் கூடாது. அப்பாவிடம் ஒப்பிக்கவில்லை. வீட்டு ஆள்தானே என்று விட்டுவிட்டான். கவரின் மேல் கடை வழக்கப்படி ‘இரவு 9’ என்று எழுதிக் கொடுத்ததோடு சரி.

முந்தாநாள் அவன் மணியடித்தபோது உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு படியில் ஆள் விழுந்த சத்தம். சுவரேறிக் குதித்துத்தான் உள்ளே போனான். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பாவை ஏற்றிக்கொண்டு வண்டி போய், சடங்கு ஏதுமில்லாமல் தகனம் முடிந்து, மத்தியானம் எல்லோரும் வீடு திரும்பினார்கள். கால் தவறிடுச்சு, வயசாச்சில்ல என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று அவன் காத்திருந்தான். ஒருவரும் கேட்கவில்லை. அழுகையும் வரவில்லை. கன்னம் மரத்துப்போயிருந்தது, பல் பிடுங்கிய அன்று இருப்பதைப் போல.

சித்தி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“உங்கம்மா ரெண்டு நாளா பொட்டுக் கண்ணு மூடலை. அப்பா மாத்திரைல ஒண்ணு குடேன். மீதி சும்மாதானே கெடக்கு.”

“அது அப்பாவுக்கு எழுதினது சித்தி. அம்மா பிரஷருக்கு வேற போடறாங்க. இன்னைக்கும் தூங்கலைன்னா நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

“இதுல எல்லாம் எவ்வளவு கவனம் பாரு இவனுக்கு,” என்று சித்தி கூடத்துக்குப் போய் அங்கே இருந்தவரிடம் சொன்னாள்.

சாயங்காலம் வீடு காலியானது. வாசலைப் பார்த்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“ஒன்பது அடிச்சதும் அப்பா மாத்திரையப் போட்டுக்குவாரு,” என்றாள். “அப்புறம் இதுலதான் உக்காருவாரு. கண்ணு சொக்கும். தண்ணிய எடுத்து மூஞ்சியில தெளிச்சுக்குவாரு. போய்ப் படுங்களேன்னா, பய வெளில நிப்பான்னுவாரு.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லலை?”

“தெரிஞ்சுதானே எழுதிக் குடுத்திருப்ப.”

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“டாக்டர் படுக்கும்போதுன்னுதாம்மா எழுதினாரு. ஒன்பதுன்னு எழுதினது நான்.”

அம்மா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். கை ஒரு முறை நின்றது. பிறகு மறுபடியும் தடவியது. உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடி ஓய்ந்தது.

“கடையை எத்தனை நாள் மூடி வைப்ப,” என்றாள். “நாளைக்குத் தொற. இனிமே நான் முழிச்சிருந்து கேட்டைத் தொறந்து விடறேன்.”

அவன் உள்ளே போனான். அலமாரியில் இருந்த அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். தாழ்ப்பாளில் நாலு ஸ்க்ரூ. மூன்று கழன்று கைக்கு வந்தன. நாலாவதை அப்பா நன்றாக அழுத்தி முடுக்கியிருந்தார். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவன் குந்தி உட்கார்ந்து, திருப்புளியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான்.