பட்டுத்துணிக்கடியில் ஆல்வினின் பியானோ

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, போர்வையை இழுத்து மூடிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனியின் கதை சொல்கிறேன். சந்தோஷமான கதை இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், டொராண்டோவில் வோபர்ன் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மெண்ட்தான் அந்தக் கம்பெனி. வீட்டுக்காரர் ஏகாம்பரம் தமிழ்நாட்டுக்காரர். பகலில் இன்ஜினியர், சாயங்காலமானால் ஜாஸ் பைத்தியம். பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத வாத்தியக்காரர்களை அழைத்துவந்து பதிவு செய்வார். மனைவி அகிலாண்டேஸ்வரி சமையல் மேசையில் உட்கார்ந்து அட்டை உறை ஒட்டுவாள். இரண்டு தட்டு வெளியிட்டார்கள். கடைக்காரர்கள் வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாவதாக வந்தவர் ஆல்வின் டைன்ஸ். ஹாலிஃபாக்ஸில் பிறந்த கறுப்பினத்தவர். ஆயுசெல்லாம் ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரித்தவர். பியானோ வாசித்ததெல்லாம் மதுக்கடைகளில். கிழவராகும்வரை அவர் வாசிப்பு ஒரு தட்டிலும் ஏறவில்லை. ஏகாம்பரத்தின் பேஸ்மெண்டில் ஒரு மத்தியானம் முழுக்க வாசித்தார். அகிலா அரிசி களைந்த கையோடு படியிலேயே நின்றுவிட்டாளாம்.

அடுத்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. இனி அவர் வாசிப்பென்று உலகத்தில் இருப்பது அன்று பதிவு செய்த அந்த ஒரு டேப்தான். நகல் எடுக்க இன்னொரு மெஷின் இரவல் கேட்டிருந்தார் ஏகாம்பரம்.

அது வருவதற்குள் சரஸ்வதி பூஜை வந்தது. அகிலா வழக்கப்படி தொழில் சாமான்களை அடுக்கினாள். கால் படும் தரையில் டேப்பை வைக்க மனசு வரவில்லை. ரிப்பேருக்காகக் கழற்றிய பெரிய ஸ்பீக்கர் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகு வட்டமாய், மணை மாதிரி. அதன்மேல் டேப்பை வைத்து, டேப்பின் பெட்டிக்குச் சந்தனப் பொட்டிட்டு, எல்லாவற்றையும் பட்டுத்துணியால் மூடினாள். அந்த முதுகு முழுக்கக் காந்தம் என்றும், காந்தம் டேப்பில் இருப்பதை அழித்துவிடும் என்றும் அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வேலை முடிந்து வந்த ஏகாம்பரம் பட்டின் முன்னால் விழுந்து கும்பிட்டார். பூஜையில் வைத்ததை விஜயதசமிவரை யார் தொடுவார்கள்?

மறுநாள் காலை, தன் வாசிப்பைக் கேட்க ஆல்வின் வந்து உட்கார்ந்தார். துணியை எடுத்ததுமே ஏகாம்பரத்தின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் ஓடவிட்டார். ஒரே இரைச்சல். நடுநடுவே பியானோ எங்கோ தூரத்தில் தலைதூக்கும், உடனே மூழ்கிவிடும்.

"கீழ வெக்கக் கூடாதுன்னுதாங்க..." என்றாள் அகிலா.

"தெரியும் அகிலா," என்றார் அவர்.

பிறகு ஆல்வினிடம் பூஜையையும் காந்தத்தையும் இங்கிலீஷில் விளக்கினார். கிழவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "உங்க தேவிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எல்லாத்தையும் அவளே வெச்சுக்கிட்டா."

டேப்பை நிறுத்தவேண்டாம் என்றார். இடது கையால் தொடையில் தாளம் போட்டபடி கடைசிவரை அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

அந்த வருஷம் பனி விழுவதற்குள் ஆல்வின் கண்ணை மூடிவிட்டார். ஏகாம்பரம் மெஷினை விற்றார். கம்பெனி அதோடு சரி. ஆல்வின் எப்படி வாசித்தார் என்று கேட்டால் அகிலா சொல்லப் பார்ப்பாள், பிறகு "நல்லா இருந்துச்சு" என்பாள். மிச்சம் அவ்வளவுதான்.

போய்த் தூங்குங்கள் கண்ணுகளா. ஆசையாய் எடுத்து வைப்பதெல்லாம் வைத்தபடியே உங்கள் வீட்டில் இருக்கட்டும். உங்கள் மனுஷர்களின் குரல் அங்கே என்றைக்கும் கேட்கட்டும்.