ஆறரைக்குக் கணக்கு

முதல் ஆணியைக் குறடு கவ்வியதும் அன்னப்பூரணி எழுந்து வந்து மேசையின்மேல் இரண்டு கையையும் விரித்தாள்.

"அண்ணே, விடுங்க."

மூத்த அண்ணன் இராசதுரை விடவில்லை. "விசர்க் கதை கதையாத கா. தோணித்துறை பூட்டிக் கிடக்கு. ஊருக்குள்ள ஒரு பலகையில்ல. மச்சானப் பெட்டியில்லாம அனுப்புறதா?"

நடு வீட்டில் அவள் புருசன் நல்லரத்தினம் வெள்ளை வேட்டிக்குள் கிடந்தார். மகளின் விளக்குக்கு மண்ணெண்ணெய் தேடி நேற்றுத் தோணியில் வாவியைக் கடந்தவர். திரும்பும் வழியில் வெடி. யார் சுட்டது என்று பழுகாமத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவன் அடுத்த பெட்டிக்கு அளவு கொடுக்க வேண்டியதுதான்.

அந்த மேசை அன்னப்பூரணியின் சீதனப் பெட்டகமாக இருந்தது. மகள் தவமலர் புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கத் தொடங்கியதும், நல்லரத்தினம் அதை உடைத்துச் சன்னலோரம் மேசை அடித்தார். சுவரில் நேரசூசி ஒட்டினார்: ஐந்தரைக்குத் தமிழ், ஆறரைக்குக் கணக்கு. வெற்றிலைத் தட்டம்கூட அதன்மேல் வைக்கக்கூடாது என்று சட்டம் வேறு.

அன்றைக்கு இதே இராசதுரைதான் முற்றத்தில் நின்று கத்தினார்: "எங்கட அம்மா குடுத்த பெட்டகத்த உடைக்க இவன் ஆர்? பொம்பிளப் பிள்ளைக்கு மேசையாம் மேசை!"

"அவர் பாயில போகட்டும்," என்றாள் அன்னப்பூரணி.

ஒப்பாரி நின்றது. பெரியம்மா சீதேவிப்பிள்ளை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அடி பாவி! உழைச்சுப் போட்ட மனிசனுக்கு ஒரு பெட்டி குடுக்க மனமில்லையா? ஊர் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். சோதினைக்கு ஒம்பது நாள் கிடக்கு. ஊரா வந்து மேசை அடிச்சுத் தரும்?"

தகப்பனின் கால்மாட்டில் இருந்த தவமலர் தலையைத் தூக்கினாள். "குடுங்கம்மா. நான் நிலத்தில இருந்து படிக்கன்."

"வாயப் பொத்து!"

அவருக்குப் பெட்டி கொடுக்க அவளுக்கு ஆசையில்லாமலா? ஆனால் கை மேசையை விட்டு அசையவில்லை.

நாலு மணிக்குப் பாயில் சுற்றி எடுத்துப்போனார்கள். போகிற வழியெல்லாம் ஊர் அவளைத்தான் பேசியது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைமாட்டில் வைத்த தேங்காயெண்ணெய் விளக்கு மட்டும் அவர் கிடந்த இடத்தில் எரிந்தது. எட்டாம் நாள்வரை அதை அந்த இடத்தை விட்டு எடுக்கக்கூடாது.

ஆறரைக்கு நன்றாக இருட்டிவிட்டது. தவமலர் மேசை முன்னால் வெறுங்கையோடு இருந்தாள். வீட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை.

அன்னப்பூரணி குனிந்து அந்த விளக்கைத் தூக்கினாள். சீதேவிப்பிள்ளை வாயில் கை வைத்தாள். இராசதுரை எழும்பினார், பிறகு திரும்ப உட்கார்ந்தார்.

விளக்கை மேசையில் வைத்து, "கணக்குக் கொப்பிய எடு," என்றாள்.

அண்ணன் பாதி பிடுங்கிய ஆணி பலகைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. பிள்ளையின் கையைக் கிழித்துவிடும் என்று பெருவிரலால் அதை அழுத்தினாள். அது இறங்கவில்லை.